மல்லர் கோமான் காமா

வலியவர் இருவர் எதிர்ப்பட்டால் அவருள் மிக வலியவர் யார் என்று அறிய விழைவது மனித இயல்பு. சங்க காலத்தில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழர்குல இளவல் ஆமூர் மல்லனை மற்போரில் வென்றான். சாத்தந்தையார் அதனைப் பாடி வைத்தமையால் அச்செய்தி புறநானூற்றின் வழியாக நம் வகுப்பறை வரை வந்து சேர்ந்திருக்கிறது. பல்லவ வேந்தன் நரசிம்மவர்மன் மாமல்லன் என்று பெயர் பூண்டான். அப்பெயர் மாமல்லபுரம் என ஓர் ஊராகவே நிலைபெற்றுவிட்டது. மல்லன் என்ற சொல்லுக்கு அன்றிருந்த மதிப்பு அத்தகையது.

இருவர் மோதினால் முடிவு காண்பது எளிது. நூறு பேர் வந்து நின்றால் என்ன செய்வது? தோற்றவரைக் கழித்துக்கொண்டே போய், எஞ்சும் ஒருவருக்கு மாலை சூட்டுவது ஒரு வழி. பொங்கலை ஒட்டி நம் திண்டுக்கல் வட்டாரத்துச் சிற்றூர்களில் விடிய விடிய விளக்கொளியில் நடக்கும் கபடிப் போட்டிகளைக் கண்டவர்களுக்கு இந்த நாக்-அவுட் முறையை விளக்க வேண்டியதில்லை. 32 குழுக்கள் வந்தால் ஐந்தே சுற்றில் கோப்பை யாருக்கு என்று தெரிந்துவிடும். ஒருமுறை தோற்றவன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அமெரிக்கத் தொலைக்காட்சி மல்யுத்தத்தில் 1985 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கிங் ஆஃப் த ரிங் என்னும் போட்டியும் இதே அமைப்பினதுதான். அங்கே வெற்றி யாருக்கு என்பது நாடகம் போல முன்கூட்டியே எழுதப்பட்டுவிடும் என்பது வேறு செய்தி. அந்த மல்லர்களின் உயரத்தையும் எடையையும் வண்ணச் சீட்டுகளில் பார்த்து மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கின்றனர்.

முறை நேர்மையானதுதான். ஆனால் போட்டிப் பட்டியலில் யார் பெயரைச் சேர்ப்பது, யார் பெயரை விடுப்பது என்பதை எவர் முடிவு செய்கிறார்? வெற்றி தோல்வியைக் களம் தீர்மானிக்கும். களத்தின் வாசலைத் திறப்பவர் வேறொருவர். இந்த வாசலில் நிறுத்தப்பட்டு, அதைத் தம் தோள் வலிமையால் திறந்துகொண்டு உள்ளே சென்ற ஓர் இந்தியரின் வாழ்க்கையே இக்கட்டுரையின் பொருள். அவர் பெயர் காமா.

பெயரைக் கேட்டதும் நம் நண்பர்கள் சிலர் புன்னகைக்கக்கூடும். ஏனோதானோவென்று செய்யும் வேலையைக் காமா சோமா என்று சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு. அதற்கும் இவருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இவரைப் போல் ஒன்றையும் ஏனோதானோவென்று செய்யாத மனிதரைக் காண்பது அரிது. குலாம் முகமது பக்ஷ் என்பதே இவருடைய இயற்பெயர். காமா என்பது வீட்டார் அழைத்த செல்லப் பெயர். குஸ்தி, பயில்வான் என்று நாம் அன்றாடம் வழங்கும் சொற்கள் பாரசீக வழியாக வடக்கே புழங்கி நம்மிடம் வந்தவை. பயில்வான் என்பதைப் பயிற்சி செய்பவன் என்று நாமாகப் பொருள் கொண்டு தமிழ்ச்சொல்லே என எண்ணுவோரும் உண்டு. பொருத்தம் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, கோதா ஆகியவையும் நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்களில் பழகிப்போன சொற்களே. ஆகவே காமாவின் உலகம் நமக்கு முற்றிலும் அன்னியமானதன்று.

காமா 1878 ஆம் ஆண்டு மே 22 ஆம் நாள் பிறந்தார் என்று பொதுவாகக் குறிப்பர். பஞ்சாபில் அமிர்தசரஸ் வட்டாரத்தைச் சேர்ந்த ஜப்போவால் அவர் பிறந்த ஊர் என்பர். காஷ்மீரத்திலிருந்து பஞ்சாபுக்குக் குடிபெயர்ந்த மரபினர் அவர்கள். குடும்பத் தொழில் மற்போர். தந்தை முகமது அசீஸ் பக்ஷ் பெயர் பெற்ற மல்லர். காமாவுக்கு ஆறு வயது நிரம்பும் தறுவாயில் தந்தை இறந்துபோனார். தாய்வழிப் பாட்டனார் நூன் பயில்வானும், அவருக்குப் பின் தாய்மாமன் ஈதா பயில்வானும் சிறுவனை வளர்த்தனர். தந்தையின் இடத்தில் நின்று தொழிலைக் கற்றுத் தந்தவர் மாமன்தான். தாய்மாமனுக்கு நம் குடும்பங்களில் உள்ள உரிமையும் கடமையும் அங்கும் உண்டு போலும்.

அந்தக் காலத்தில் மல்லர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். சமஸ்தானத்து மன்னர்கள் ஆங்கிலேயருக்கு அடங்கிப் போர்த்தொழிலை இழந்திருந்தனர். படை நடத்த வழியில்லாத அவர்கள் தங்கள் பெருமையைக் காட்ட மல்லர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினர். பாலும் நெய்யும் பாதாம்பருப்பும் அரண்மனைச் செலவு. ஒரு சமஸ்தானத்து மல்லன் மற்றொரு சமஸ்தானத்து மல்லனை வீழ்த்தினால், அது அரசனே அரசனை வென்றது போல. நமக்கு அருகே மைசூரிலும் ஜெட்டிகள் எனப்படும் மல்லர்கள் அரண்மனை ஆதரவில் வாழ்ந்தனர்; ஆண்டுதோறும் தசராவில் அங்கே மற்போர் நடப்பது புகழ்பெற்ற வழக்கம். நம் மலைக்கோட்டையைத் தளமாகக் கொண்டு தலையெடுத்த ஐதர் அலி பின்னர் ஆண்டது அந்த மைசூரைத்தான் என்பதை நினைவில் கொண்டால், இந்த மன்னர் மல்லர் உறவு திண்டுக்கல்லுக்கு அத்தனை தொலைவில் இல்லை என்பது விளங்கும்.

காமாவின் முதல் போட்டி கழித்தல் முறைப் போட்டியே. ஆனால் அதில் ஒருவரோடு ஒருவர் பொருதவில்லை. 1888 ஆம் ஆண்டு ஜோத்பூர் மன்னர் நாடெங்கிலுமுள்ள வலியவர்களை அழைத்து ஒரு போட்டி வைத்தார். நானூற்றுக்கும் மேற்பட்டோர் கூடினர். அனைவரும் பஸ்கி எடுக்க வேண்டும். முடியாதவர் விலகிக்கொள்ள வேண்டும். கடைசிவரை நிற்பவருக்கே பரிசு. மாமனோடு வந்திருந்த பத்து வயதுச் சிறுவன் காமாவும் வரிசையில் நின்றான். நேரம் ஆக ஆக மீசை முறுக்கிய ஆடவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டனர். எஞ்சியவர் பதினைந்து பேராகக் குறைந்தபோதும் சிறுவன் எழுந்து எழுந்து அமர்ந்துகொண்டிருந்தான். மன்னர் போட்டியை நிறுத்தி, அவன் வயதைக் கருதி அவனையே முதல்வனாக அறிவித்தார். அதன் பின் காமா பல நாள் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை என்றும் கூறுவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போட்டி விதிப்படி முடியவில்லை. இன்னும் பதினால்வர் நின்றுகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவருக்காவது மனக்குறை இருந்திருக்காதா? மன்னரின் கனிவு ஒரு சிறுவனுக்கு வாழ்வளித்தது. அதே கனிவு யாரோ ஒரு மல்லனின் பரிசைப் பறித்திருக்கவும் கூடும். விதி முழுமையாக ஓடி முடியாமல் வெற்றி கைக்கு வருவது காமாவின் வாழ்வில் அன்று தொடங்கியது. பின்னாளில் அதுவே அவருக்கு ஒரு முள்ளாகவும் அமைந்தது.

ததியா சமஸ்தானத்தின் அரசர் பவானி சிங் சிறுவனைத் தம் ஆதரவில் எடுத்துக்கொண்டார். பயிற்சி தொடங்கியது. நாளொன்றுக்கு ஐயாயிரம் பஸ்கி, மூவாயிரம் தண்டால், அதற்கு மேல் கோதாவில் நாற்பது மல்லர்களோடு பிடிப் பயிற்சி என்று காமாவின் அன்றாடக் கணக்கைச் சொல்கிறார்கள். கேட்பதற்கு மலைப்பாக இருக்கிறது. சற்றே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பஸ்கிக்கு இரண்டு விநாடி என்றால் ஐயாயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். மூவாயிரம் தண்டாலுக்கு அதே வேகத்தில் ஒரு மணி நாற்பது நிமிடம். விடியற்காலையில் எழுந்து வேறு தொழிலே இல்லாமல் இதையே செய்பவருக்கு இது முடியாததன்று. இதை நம்பலாம்.

வேறொன்றை நம்புவதுதான் கடினம். பரோடா அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. 1902 ஆம் ஆண்டு காமா அதைத் தூக்கினார் என்றும், அதன் எடை 1,200 கிலோ என்றும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. இக்காலத்து வலியவர்கள் இரும்புத் தண்டைப் பற்றித் தரையிலிருந்து எழுப்பும் மிகப் பெரிய எடையே சுமார் 500 கிலோதான். அதுவும் முழங்காலுக்குச் சற்று மேலே வரைதான். கைப்பிடி இல்லாத கல்லை அதைப் போல் இருமடங்குக்கும் அதிகமாக ஒருவர் தூக்கியிருப்பார் என்பதை இயற்பியல் துறை நண்பர்கள் ஏற்கமாட்டார்கள். புரட்டியிருக்கலாம், ஒரு பக்கம் நிமிர்த்தியிருக்கலாம். பெரியவர்களுக்கு நாம் சூட்டும் மிகைப் புகழ் அவர்களுடைய உண்மைப் புகழையே ஐயத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது.

காமாவின் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். இதுவே பின்னர் பெரும் பிரச்சினை ஆயிற்று. ஆனால் உயரமானவர்களோடு பொருத முடியும் என்பதை அவர் இளமையிலேயே நிறுவிவிட்டார். அக்காலத்தில் இந்தியாவின் தலைசிறந்த மல்லராக விளங்கியவர் குஜ்ரன்வாலாவைச் சேர்ந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. ஏழடிக்குச் சற்றே குறைந்த உயரம், நடுத்தர வயது, களத்தில் நீண்ட அனுபவம். 1895 ஆம் ஆண்டு பதினேழு வயதுக் காமா அவரை எதிர்த்துக் களம் இறங்கினார். பார்க்க வந்தவர்கள் விரைவில் வீடு திரும்பலாம் என்றுதான் எண்ணியிருப்பார்கள். மணிக்கணக்கில் நீண்ட அப்போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அன்று முதல் காமாவின் பெயர் வட இந்தியா முழுதும் பரவியது. 1910 ஆம் ஆண்டுக்குள் ரஹீம் பக்ஷ் ஒருவரைத் தவிர மற்றப் பெரிய மல்லர்கள் அனைவரையும் காமா வென்றுவிட்டார் எனலாம்.

இனி லண்டன்.

1910 ஆம் ஆண்டு ஆர். பி. பெஞ்சமின் என்னும் போட்டி அமைப்பாளர் காமாவையும் அவர் தம்பி இமாம் பக்ஷையும் வேறு சில மல்லர்களையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பயணச் செலவை ஏற்றவர் சரத் குமார் மித்ரா என்ற வங்காளச் செல்வர். ஒரு வங்காளி பஞ்சாபி மல்லர்களுக்குப் பணம் கொடுத்தது ஏன் என்பதற்கு அந்த ஆண்டின் நிலையே விடை. வங்கப் பிரிவினையின் சூடு ஆறவில்லை. சுதேசிக் கப்பல் ஓட்டிய நம் வ. உ. சிதம்பரனார் அப்போது சிறையில் இருந்தார். இந்தியர்கள் மெலிந்தவர்கள், ஆளத் தகுதியற்றவர்கள் என்று ஆள்வோர் சொல்லிவந்த காலம். அதே 1910 ஜூலை 4 ஆம் நாள் அமெரிக்காவின் ரீனோ நகரில் கறுப்பரான ஜாக் ஜான்சன், வெள்ளையரின் நம்பிக்கையாக நிறுத்தப்பட்ட ஜெஃப்ரிஸைக் குத்துச்சண்டையில் வீழ்த்தினார். அதைத் தாங்க முடியாமல் அந்நாட்டின் பல நகரங்களில் கலவரம் மூண்டது. உடல் வலிமை என்பது வெறும் உடல் வலிமையாக மட்டும் பார்க்கப்படாத கோடைக்காலம் அது.

சில ஆண்டுகளுக்கு முன்புதான், 1904 வாக்கில், ஐரோப்பிய வலியவர் யூஜின் சாண்டோ இந்தியாவுக்கு வந்து தம் தசைகளைக் காட்டிப் பெரும்புகழ் பெற்றார். அந்தப் பெயர் தமிழில் எப்படி ஒட்டிக்கொண்டது பாருங்கள்! படத்தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் அவர்களுக்கு அது பட்டமாயிற்று. கையில்லாத பனியனுக்கும் அதுவே பெயராயிற்று. மேற்கிலிருந்து வந்தவருக்கு நாம் கதவை அகலத் திறந்தோம். கிழக்கிலிருந்து சென்றவருக்கு லண்டனில் என்ன நேர்ந்தது?

ஜான் புல் என்பது அந்நாளைய லண்டன் வார இதழ். உலக வீரருக்கு என்று ஒரு கச்சையையும் 250 பவுன் பரிசையும் அது அறிவித்திருந்தது. பல நாட்டு மல்லர்கள் லண்டனில் கூடியிருந்தனர். காமா பதிவு செய்யச் சென்றபோது அவர் உயரம் போதாது என்று கூறிச் சேர்க்க மறுத்துவிட்டனர். ஏழடி மனிதரோடு மணிக்கணக்கில் பொருதியவருக்கு இப்படியொரு விடை!

காமா திரும்பிவிடவில்லை. ஒரு நாடக அரங்கில் மேடையேறி அறைகூவல் விடுத்தார். எந்த எடையினராயினும் சரி, மூன்று மல்லர்களை முப்பது நிமிடத்துக்குள் வீழ்த்துவதாகவும், முடியாவிட்டால் தாமே பணம் தருவதாகவும் அறிவித்தார். பலர் இதை விளம்பரத் தந்திரம் என்றே எண்ணினர். சில நாள் ஒருவரும் முன்வரவில்லை. பின்னர் அவர் பெயர் குறித்தே அழைத்தார்: போலந்தின் ஸ்தானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ, அமெரிக்காவின் ஃபிராங்க் காட்ச். அந்நாளில் காட்சுக்கு மேற்பட்ட மல்லர் மேல்நாட்டில் இல்லை. பெயர் தெரியாத கிழக்கத்தியர் ஒருவர் சிகரத்தையே சுட்டிக்காட்டியது லண்டன் பத்திரிகைகளுக்குச் சுவையான செய்தியாயிற்று.

முதலில் வந்தவர் பெஞ்சமின் ரோலர் என்ற அமெரிக்கர். மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற மல்லர் அவர். காமாவைவிட உயரம், எடை இரண்டிலும் மிக்கவர். 1910 ஆகஸ்டு 8 ஆம் நாள் போட்டி நடைபெற்றது. முதல் முறை ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் ரோலரின் இரு தோள்களும் விரிப்பில் பதிந்தன. இரண்டாம் முறை ஒன்பது நிமிடம் பத்து விநாடி. மறுநாள் மேலும் பன்னிருவரை வரிசையாக வீழ்த்தினார் என்று காமாவின் வரலாறு எழுதியோர் கூறுவர். அதன் பின்னர் அமைப்பாளர்களால் உயரத்தைப் பற்றிப் பேச முடியவில்லை. கதவு திறந்தது. இமாம் பக்ஷும் சும்மா இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் ஜான் லெம்மை அதே லண்டனில் மண்கவ்வச் செய்தார்.

1910 செப்டம்பர் 10 ஆம் நாள். இடம் ஷெப்பர்ட்ஸ் புஷ் விளையாட்டரங்கம். 1908 ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடந்த அதே அரங்கம். எதிரே ஸ்பிஷ்கோ. அவர் கற்றவர், பல மொழி அறிந்தவர், ஐரோப்பாவில் முன்னணி மல்லர். காமா 200 பவுண்டு எடை. ஸ்பிஷ்கோவோ அதைவிட ஐம்பது பவுண்டுக்கு மேல் கூடுதல். மண்ணில் பயின்ற காமாவுக்கு விரிப்பு பழக்கமில்லாதது. இருந்தும் முதல் நிமிடத்திலேயே ஸ்பிஷ்கோ கீழே தள்ளப்பட்டார்.

அதற்குப் பின் நடந்ததை என்னவென்று சொல்வது! ஸ்பிஷ்கோ எழவேயில்லை. குப்புறப் படுத்து, கைகால்களை விரித்து, மார்பை விரிப்போடு அழுத்திக்கொண்டார். இரு தோள்களும் தரையில் பட்டால்தான் தோல்வி. குப்புறக் கிடப்பவனின் தோள் எப்படிப் படும்? காமா இழுத்தார், புரட்டினார், கழுத்தைப் பற்றினார், காலை மடக்கினார். மற்போர்க் கலையில் எதிரியின் மூட்டுகளைப் பிணைக்கும் பிடிக்குப் பூட்டு என்று பெயர். பூட்டுக்குப் பெயர்போன ஊரில் வாழும் நமக்கு இதைச் சொன்னால் எளிதில் விளங்கும்: காமா போட்ட பூட்டு ஒன்றும் பலிக்காதவாறு ஸ்பிஷ்கோ தம்மைத் தாமே பூட்டிக்கொண்டார், சாவியையும் விழுங்கிவிட்டார். நம் மாங்காய்ப் பூட்டைக் கள்ளச்சாவி போட்டுத் திறக்க முயன்றவன் பட்ட பாடுதான் அன்று காமா பட்டது.

இப்படி இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம் கழிந்தது. பார்வையாளர்கள் பொறுமையிழந்தனர். இருள் சூழ்ந்தது. நடுவர்கள் வெற்றி தோல்வி இன்றி ஆட்டத்தை முடித்து, செப்டம்பர் 17 ஆம் நாளுக்கு மறுபோட்டி என்று அறிவித்தனர். கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நம்மூரில் கேலியாகச் சொல்வார்களே, அது ஸ்பிஷ்கோவுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். ஆனால் அவர் பக்கத்து நியாயத்தையும் ஒரு வரி சொல்லிவிடுவோம். விதியை அவர் மீறவில்லை. வெல்ல முடியாது என்று முதல் நிமிடத்திலேயே அறிந்த ஒருவர், தோற்காமல் இருப்பதற்கு விதி தந்த ஒரே வழியில் நடந்தார். இரண்டரை மணி நேரம் அப்படிக் கிடப்பதற்கும் வலிமை வேண்டும்.

செப்டம்பர் 17 வந்தது. காமா வந்தார். ஸ்பிஷ்கோ வரவில்லை. எதிராளி களத்துக்கு வராமையால் காமா வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டு, கச்சை அவருக்கு வழங்கப்பட்டது. ருஸ்தம்-இ-ஜமானா, அதாவது உலக மல்லர் திலகம், என்னும் பட்டம் அவர் பெயரோடு சேர்ந்தது.

இந்த வெற்றி காமாவுக்கு மகிழ்ச்சி தந்திருக்குமா? ஜோத்பூரில் மன்னரின் சொல் அவரை முதல்வராக்கியது. லண்டனில் எதிராளியின் வெற்றிடம் அவரை முதல்வராக்கியது. இரண்டிலும் இறுதி ஆட்டம் என்று ஒன்று நடந்து முடியவேயில்லை. அறைகூவலுக்குக் காட்ச் இசையவில்லை. வேறு பெரிய மல்லர்களுக்கு விடுத்த அழைப்புகளும் ஏற்கப்படவில்லை. இங்கிலாந்தின் இருபது மல்லர்களை ஒருவர் பின் ஒருவராகச் சந்திப்பதாகவும் சொல்லிப் பார்த்தார். பயனில்லை. பொருத ஆளின்றி இந்திய மல்லர்கள் கப்பலேறினர்.

தாயகம் திரும்பியபின் அலகாபாத்தில் ரஹீம் பக்ஷோடு கடைசி முறையாக மோதினார். நெடுங்காலப் போட்டி அங்கே காமாவின் வெற்றியோடு முடிவுற்றது. ருஸ்தம்-இ-ஹிந்து என்னும் இந்திய வீரர் பட்டமும் அவருடையதாயிற்று. தம்மை எதிர்த்தவர்களுள் மிகவும் வலியவர் யார் என்றால் ரஹீம் பக்ஷையே காமா குறிப்பிடுவார் என்பர். 1916 ஆம் ஆண்டு பண்டித பித்து என்னும் மல்லரை வென்றார். 1922 ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசர் அவருக்கு வெள்ளியாலான கதை ஒன்றைப் பரிசளித்தார்.

இந்த இடைக்காலத்தில் ஸ்பிஷ்கோ என்ன ஆனார்? அமெரிக்கா சென்றார். முதல் உலகப் போர் வந்து போயிற்று. 1921 இல் அங்கே உலக வீரர் பட்டம் வென்றார். அமெரிக்க மல்யுத்தம் அப்போது மெல்ல மெல்லக் காட்சிப் பொருளாக மாறிக்கொண்டிருந்தது. இன்னார் வெல்வது என்று அமைப்பாளர்கள் முன்னதாகப் பேசி முடிவு செய்யத் தொடங்கியிருந்தனர். 1925 ஆம் ஆண்டு ஏப்ரலில் வேய்ன் மன் என்ற கால்பந்து வீரர் கையில் பட்டம் இருந்தது. உண்மையில் மற்போர் அறியாதவர் அவர். ஸ்பிஷ்கோ தோற்றுத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் களத்தில் இறங்கிய ஸ்பிஷ்கோ ஏற்பாட்டைக் காற்றில் பறக்கவிட்டு, மன்னை மெய்யாகவே வீழ்த்திப் பட்டத்தைப் பறித்துக்கொண்டார்! லண்டனில் குப்புறக் கிடந்த அதே மனிதர்தான். விதியை வளைத்து உயிர் பிழைக்கவும் அவருக்குத் தெரியும். பொய்யைப் போட்டுடைக்கவும் தெரியும். இக்கதையில் எனக்கு மிகவும் வியப்பளிப்பவர் சில சமயம் காமாவா ஸ்பிஷ்கோவா என்று ஐயம் எழுவதுண்டு.

பதினேழு ஆண்டு கழிந்தும் அந்த மறுபோட்டி மட்டும் பாக்கி நின்றது. அதைத் தீர்த்துவைத்தவர் பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங். ரஞ்சிக் கோப்பையைப் பின்னாளில் வழங்கியவர் என்று கிரிக்கெட் அன்பர்கள் அவரை அறிவர். காமா அப்போது அவருடைய ஆதரவில் இருந்தார். மன்னரின் அழைப்பை ஏற்று ஸ்பிஷ்கோ கடல் கடந்து வந்தார். வராமல் இருந்திருக்கலாம், 1910 இல் வராதவர் 1928 இல் வந்தார். அவருக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. காமாவுக்கும் அப்படியே. பிற விளையாட்டுகளில் இந்த வயதினரை நடுவராகவோ பயிற்சியாளராகவோதான் காணலாம்.

1928 ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் பாட்டியாலாவில் பல்லாயிரம் மக்கள் திரண்டனர். இரயில் இரயிலாக வந்து இறங்கினர். லண்டனில் இரண்டரை மணி நேரத்தில் முடியாதது எத்தனை நேரம் ஆகுமோ என்று பலர் உணவு கட்டிக்கொண்டே வந்திருப்பார்கள். இருவரும் கைகுலுக்கினர்; நெருங்கினர்; காமா பாய்ந்தார். ஸ்பிஷ்கோ மல்லாந்து கிடந்தார். ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. எத்தனை விநாடி என்பதில்தான் நூலுக்கு நூல் வேறுபாடு. சிலர் நாற்பத்திரண்டு என்பர், சிலர் அதற்கும் குறைவு என்பர். தலையைத் திருப்பி வெற்றிலை மடித்தவர்கள் பார்க்காமலேயே போயிருப்பார்கள். ஸ்பிஷ்கோ எழுந்து காமாவின் வெற்றியை மனமுவந்து ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஜெஸ்ஸி பீட்டர்சன் என்பவரை ஒன்றரை நிமிடத்தில் வென்றார். அதற்குமேல் எதிர்க்க ஆளில்லை. களத்தில் தோல்வியே காணாதவர் என்ற பெயரோடு காமா ஓய்வை நோக்கிச் சென்றார்.

வீட்டில் துயரம் நிறைய. அவருடைய ஆண்மக்கள் ஐவரும் இளமையிலேயே இறந்துபோயினர். கோதாவில் தம் தொழிலைத் தொடர்ந்தவர்கள் தம்பி இமாம் பக்ஷின் மைந்தர்களே. அவர்களுள் ஒருவரான அக்ரம் 1976 ஆம் ஆண்டு கராச்சியில் ஜப்பானின் அன்டோனியோ இனோகியோடு மோதிக் கை ஒடிந்து தோற்றார். அக்குடும்பத்தின் புகழ்க்கதையில் அது கசப்பான அத்தியாயம்.

1947 ஆம் ஆண்டு நாடு பிளவுபட்டது. காமா லாகூரில் இருந்தார். மதவெறி கொழுந்துவிட்டெரிந்த நாள்கள் அவை. அவர் வாழ்ந்த மோஹினி சாலைப் பகுதியில் இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. கூட்டம் ஒன்று ஆயுதங்களோடு வந்தபோது எழுபதை நெருங்கிய காமா தம் சீடர்களோடு தெருவில் இறங்கி வழிமறித்து நின்றார். உள்ளே யார் நுழையலாம், யார் நுழையக்கூடாது என்பதை அன்று வாசலில் நின்று முடிவு செய்தவர் அவர். கூட்டம் கலைந்தது. அக்குடும்பங்கள் ஊரைவிட்டுச் செல்ல நேர்ந்தபோது வழிச்செலவு கொடுத்துப் பாதுகாப்பாக எல்லை வரை அனுப்பிவைத்தார் என்று அறிகிறோம். மன்னர்களின் மாளிகையில் விருந்துண்டவர், உலகக் கச்சை அணிந்தவர், இதற்காக யாரிடமும் எந்தப் பரிசும் பெறவில்லை.

சமஸ்தானங்கள் மறைந்தன, அவற்றோடு மல்லர்களின் சம்பளமும் மறைந்தது. பாகிஸ்தானில் காமாவின் கடைசி ஆண்டுகள் நோயிலும் பண நெருக்கடியிலும் கழிந்தன. இதயநோயும் மூச்சிரைப்பும் வாட்டின. ஒரு காலத்தில் ஐயாயிரம் பஸ்கி எடுத்த உடல் சில அடி நடக்கவே தவித்தது. இந்தியத் தொழிலதிபர் ஜி. டி. பிர்லா எல்லை கடந்து அவருக்குப் பணம் அனுப்பினார். மாதந்தோறும் உதவித்தொகைக்கும் ஏற்பாடு செய்தார். பாகிஸ்தான் அரசும் பின்னர் உதவியது. 1960 ஆம் ஆண்டு மே 23 ஆம் நாள் லாகூரில் காமா காலமானார்.

ஸ்பிஷ்கோ மேலும் ஏழாண்டு வாழ்ந்தார். 1950 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்தில், போலி மல்யுத்தத்தை வெறுக்கும் ஒரு முதிய மல்லராக அவரே நடித்திருக்கிறார். லண்டன்தான் அப்படத்தின் களம்.